சைக்கிள் கொடுத்தாச்சு, பாதை எங்கே?

மார்கழிப் பனி இறங்கிட்டா எங்க பக்கத்து ரோட்டுல சனி ஞாயிறு ஒரு கூட்டம் தென்படும். தலையில ஹெல்மெட், உடம்போட ஒட்டின பனியன், கறுப்புக் கண்ணாடி, ஒல்லி டயர் சைக்கிள். திருச்சியிலேர்ந்து வருவாங்க, சில சமயம் சென்னையிலேர்ந்தும் வருவாங்க. உடையார்பாளையம், ஜெயங்கொண்டம் தாண்டி கங்கைகொண்ட சோழபுரம் போறது அவங்க திட்டம். அந்த சைக்கிள்ல சிலது என்ன விலைன்னு கேட்டுப் பாத்தேன். எங்க ஊர்ல அந்தக் காசுக்கு ஒரு நல்ல கறவை மாடு வாங்கி, மிச்சத்துல கொட்டகையும் போடலாம்.

அவங்களைக் கிண்டல் பண்ண இதை எழுதல. பெட்ரோல் இல்லாம நூறு கிலோமீட்டர் மிதிச்சு வர்ற ஆளுக்கு என்கிட்ட மரியாதை உண்டு. என்னைக் கிளப்பி விட்டது அவங்க அடிக்கடி சொல்ற ஒரு வார்த்தை. "இங்கிலாந்துல கிராமத்துக்குள்ள சைக்கிள் ஓட்டணும் ஐயா. மேடு, பள்ளம், ரெண்டு பக்கமும் வேலி, சின்னச் சின்ன பாதை. நம்ம ஊர்ல அந்த மாதிரி எங்கே இருக்கு?"

இருக்கு தம்பி. உங்க கண்ணுல படல, அவ்வளவுதான். படாததுக்குக் காரணம் இருக்கு. அதைத்தான் சொல்லப் போறேன்.

முதல்ல இங்கிலாந்து. என் மச்சான் மகன், எனக்கு மருமகன் முறை, அங்க வேலை பாக்குறான். லீவு நாள்ல சைக்கிள் எடுத்துக்கிட்டு மலை நாட்டுப் பக்கம் போய் வீடியோ அனுப்புவான். லேக் டிஸ்ட்ரிக்ட்னு ஒரு பகுதி, ஏரியும் மலையும் செம்மறி ஆடுமா இருக்கு. அங்க ஹார்ட்நாட் கணவாய்னு ஒரு ரோடு. சில இடத்துல மூணடி முன்னால போனா ஒரு அடி மேல ஏறணும். அவ்வளவு செங்குத்து. பாதி வழி இவன் இறங்கித் தள்ளிக்கிட்டுதான் போறான், மூச்சு வாங்குறது வீடியோவுலயே கேக்குது. கீழே இறங்கினா கருங்கல் சுவர், ஓடை, பத்து வீடு உள்ள கிராமம், ஒரு சர்ச். அழகுதான், இல்லேன்னு சொல்லல.

ஆனா அந்த வீடியோவுல எனக்குப் பட்டது வேற. ஒரு இடத்துல ரோட்டை விட்டு இறங்கி, ஒரு விவசாயியோட வயலுக்குள்ளயே மண்பாதையில சைக்கிளை விடுறான். விவசாயி டிராக்டர்ல உக்காந்துக்கிட்டு கையை ஆட்டுறார். "யாரும் கேக்க மாட்டாங்களாடா?"ன்னு கேட்டேன். "இது பிரைடில்வே மாமா. குதிரைப்பாதை. சட்டப்படி நான் போகலாம், அவரால மறிக்க முடியாது"ன்னான். அன்னையிலேர்ந்து இதைப் பத்தித் தேடித் தேடிப் படிச்சேன். பத்தாங்கிளாஸ் படிச்சவன் இங்கிலீஷ்ல படிக்க முடியுமான்னு கேக்காதீங்க. போன்லயே மொழிபெயர்ப்பு வருது, கொஞ்சம் கோணல் மாணலா வரும், அர்த்தம் புரியும்.

அந்தப் பாதையெல்லாம் ஆண்டவன் கொடுத்தது இல்ல. சண்டை போட்டு வாங்கினது. 1878ல் ஹாரோகேட்ங்கிற ஊர்ல சைக்கிள்ல ஊர் சுத்துறவங்க சேர்ந்து ஒரு சங்கம் ஆரம்பிச்சாங்க. பிறகு சைக்கிளிஸ்ட்ஸ் டூரிங் கிளப்னு பேர் மாத்திக்கிட்டாங்க. செங்குத்தான இறக்கங்கள்ல "இந்த மேடு ஆபத்து"ன்னு பலகை நட்டது இந்தச் சங்கத்து ஆளுங்க, அரசாங்கம் அந்த வேலையைக் கையில எடுக்கறதுக்கு முன்னாடியே. 1888ல் ஒரு சட்டம் வந்து, சைக்கிளும் வண்டிதான், ரோட்டுல போக அதுக்கும் உரிமை உண்டுன்னு எழுதி வச்சாங்க. அதுக்கு முன்னாடி சைக்கிள்காரனை அங்கயும் நாய் மாதிரிதான் விரட்டியிருக்காங்க.

1932ல் நடந்தது இன்னும் பெரிய கதை. மான்செஸ்டர் பக்கம் கிண்டர் ஸ்கவுட்னு ஒரு மலை. பணக்காரங்க பறவை வேட்டையாடறதுக்காக அதை அடைச்சு வச்சிருந்தாங்க. தொழிற்சாலையில வேலை பாக்குற பசங்க நூத்துக்கணக்குல திரண்டு, உத்தரவை மீறி அந்த மலை மேல ஏறிட்டாங்க. சிலர் ஜெயிலுக்குப் போனாங்க. முன்னால நின்ன பென்னி ராத்மேனுக்கு அப்ப 20 வயசு. ரயில்வே ஸ்டேஷன்ல போலீஸ் காத்திருக்கும்னு, அவர் அங்க சைக்கிளை மிதிச்சுக்கிட்டே போய்ச் சேர்ந்தாராம்.

அந்த மாதிரி பல வருஷப் போராட்டத்துக்குப் பிறகு 1949ல் சட்டம் வந்துச்சு. மாவட்ட நிர்வாகம் ஒவ்வொண்ணும் தன் எல்லைக்குள்ள இருக்கிற நடைபாதை, குதிரைப்பாதை எல்லாத்தையும் அளந்து வரைபடத்துல ஏத்தணும். ஏத்திட்டா அது நிரந்தரம். நிலம் கை மாறலாம், பாதை மாறாது. 1968ல் இன்னொரு சட்டம் வந்து குதிரைப்பாதையில சைக்கிளும் போகலாம்னு சொல்லிருச்சு. விவசாயியா எனக்குப் பிடிச்சது 1990ல் வந்த சட்டம். வயலுக்குக் குறுக்கே போற பாதையை உழறதுன்னா உழுதுக்கலாம், ஆனா 14 நாளுக்குள்ள அதைச் சமன் பண்ணி, பாதை எதுன்னு கண்ணுக்குத் தெரியிற மாதிரி திருப்பிக் கொடுக்கணும். நடைபாதைன்னா ஒரு மீட்டர் அகலம், குதிரைப்பாதைன்னா ரெண்டு மீட்டர். உழவனுக்கும் வேலை கெடல, வழிப்போக்கனுக்கும் வழி கெடல.

அங்க எல்லாமே தேனும் பாலும்னு நினைச்சுக்காதீங்க. ஊர்ப்புறத்து ஒத்தை ரோட்டுல கார் மணிக்கு 60 மைல் வரைக்கும் போகலாம், அதாவது 96 கிலோமீட்டர். வளைவுல வேலி மறைக்கும். மருமகனே ரெண்டு தடவை பள்ளத்துல இறங்கியிருக்கான். அதனாலதான் அவன் ரோட்டை விட்டு வயல் பாதைக்குப் போறான். தப்பிச்சுப் போக அவனுக்கு ஒரு பாதை இருக்கு. எங்க பிள்ளைங்களுக்கு?

இப்ப நம்ம ஊருக்கு வருவோம்.

நீங்க "கிராமத்து அடையாளம்"னு போட்டோ எடுக்குற பழைய சைக்கிள் இருக்கு பாருங்க, கேரியரும் டைனமோவும் வச்சது, அது அவங்க ஊர்ச் சரக்குதான். ஹெர்குலிஸ் பர்மிங்காம்ல பிறந்தது. ராலே நாட்டிங்காம். 1949ல் சென்னை அம்பத்தூர்ல டிஐ சைக்கிள்ஸ் கம்பெனி, பர்மிங்காம் கம்பெனியோட கூட்டுல ஆரம்பிச்சப்பதான் அது நம்ம வண்டியாச்சு. அவன் ஊர்ல அது ஞாயித்துக்கிழமை வண்டியா மாறிப்போச்சு. எங்க ஊர்ல இன்னும் திங்கக்கிழமை வண்டிதான். கேரியர்ல கடலை மூட்டை, ஹேண்டில்பார்ல பால் கேன், பார்ல பிள்ளை. முந்திரிக்கொட்டை சீசன்ல ஜெயங்கொண்டம் சந்தைக்கு எட்டு ஒம்பது கிலோமீட்டர் மிதிப்போம். சீட்டுக்குக் கால் எட்டாத வயசுல குரங்கு பெடல் போட்டுப் பழகினவங்க நாங்க. முட்டியில தழும்பு இல்லாத ஆள் எங்க செட்டுல கிடையாது.

பொம்பளைங்க சைக்கிள் ஓட்டினா என்ன ஆகும்னு பக்கத்து மாவட்டம் ஒண்ணு காட்டிச்சு. 1990களோட தொடக்கத்துல புதுக்கோட்டையில அறிவொளி இயக்கம் நடந்தப்ப, ஷீலா ராணி சுங்கத் கலெக்டர். எழுத்தோட சேத்து சைக்கிளும் கத்துக் கொடுத்தாங்க. ஆயிரக்கணக்கான பொம்பளைங்க, குவாரியில கல் உடைக்கிறவங்க உட்பட, ஓட்டக் கத்துக்கிட்டாங்க. புருஷன் வந்து கூட்டிட்டுப் போகணும்னு பஸ் ஸ்டாப்புல நிக்கிற கதை பலருக்கு அதோட முடிஞ்சுது. பத்திரிகையாளர் சாய்நாத் அதைப் பத்தி எழுதினது நாடு முழுக்கப் பேசப்பட்டுது.

அப்புறம் 2001-02ல் அரசாங்கமே இலவச சைக்கிள் கொடுக்க ஆரம்பிச்சுது. முதல்ல ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிங்களுக்கு, சில வருஷத்துல எல்லாப் பிள்ளைங்களுக்கும். எந்தக் கட்சி வந்தாலும் போனாலும் அந்தத் திட்டம் நிக்கல. நல்ல திட்டம், நான் யார்கிட்ட வேணும்னாலும் வாதாடுவேன். பிளஸ் ஒன் சேர்ந்த பொண்ணு சைக்கிள்ல ஸ்கூலுக்குப் போற காட்சி எங்க ஊருக்கே ஒரு தெம்பு.

ஆனா அந்தப் பொண்ணு எந்த ரோட்டுல போறா?

அரியலூர் மாவட்டம் ஒரு காலத்துல கடலுக்கு அடியில இருந்த பூமி. அதனாலதான் வயல்ல கலப்பை போட்டா கிளிஞ்சல் கல் வருது, அதனாலதான் வாரணவாசியில புதைபடிவ அருங்காட்சியகம் வச்சிருக்காங்க. அந்தக் கடல் விட்டுட்டுப் போன சுண்ணாம்புக்கல்தான் சிமெண்டு. உங்க அபார்ட்மெண்ட் சுவர்ல எங்க மாவட்டம் கொஞ்சம் இருக்கும். சுரங்கத்துலேர்ந்து ஆலைக்குக் கல், ஆலையிலேர்ந்து ஊருக்கு மூட்டை, ராப்பகலா லாரி. டிப்பர் ஒண்ணு பக்கத்துல கடந்தா, சைக்கிளை முதல்ல வெளியே தள்ளும், பிறகு உள்ளே இழுக்கும். ஓட்டினவங்களுக்குத் தெரியும். அதுக்கு மேல வெள்ளைப் புழுதி. யூனிபார்ம் சாயங்காலம் மாவு மில்லுல வேலை பாத்த மாதிரி இருக்கும்.

திருச்சி–சிதம்பரம் ரோடு தேசிய நெடுஞ்சாலையா அகலமாச்சு. நல்லதுதான், ஆஸ்பத்திரிக்குச் சீக்கிரம் போறோம். ஆனா ரோடு அகலமாக அகலமாக வேகமும் ஏறிச்சு. வெள்ளைக்கோட்டுக்கு வெளியே விட்ட பட்டையில லாரி நிக்கும், எதிர்த்திசையில பைக் வரும். "நீங்களும்தானே அங்க சோளம் காயப்போடுறீங்க"ன்னு ஒரு சைக்கிள் தம்பி கேட்டார். ஊருக்கு ஒரு களம் கட்டிக் கொடுங்க, அன்னைக்கே அள்ளிடுறோம். போன வருஷம் எங்க தெருப் பொண்ணு ஒருத்தி லாரிக்குப் பயந்து சைக்கிளோட பள்ளத்துல விழுந்தா. கை எலும்பு முறிஞ்சுது. அவ அப்பா சைக்கிளைக் கொட்டகையில தூக்கிப் போட்டுட்டு ஷேர் ஆட்டோவுக்கு மாசக் காசு கட்டுறார். ஆட்டோ வராத நாள் ஸ்கூல் கிடையாது. சைக்கிள் புத்தம் புதுசா இருக்கு, ரெண்டு கோழி அதுல ஏறித் தூங்குது.

இப்ப நான் முதல்ல சொன்ன "இருக்கு தம்பி"க்கு வரேன்.

எங்க ஊர்லேர்ந்து ஸ்கூல் இருக்கிற ஊருக்கு நெடுஞ்சாலையைத் தொடாம ஒரு வழி இருந்துச்சு. வண்டிப்பாதை. உ.வே. சாமிநாதையர் சின்ன வயசுல அரியலூர், குன்னம்னு இந்தப் பக்கம் வாழ்ந்த காலத்துல, பயணம்னாலே நடையும் மாட்டுவண்டியும்தான். அந்தக் காலத்து வண்டிப்பாதைங்க வெள்ளாத்துக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவுல இருக்கிற இந்தச் செம்மண் மேட்டுல நரம்பு மாதிரி ஓடும். முந்திரிக்காட்டு ஓரமா ஏறும், ஓடையில இறங்கும், ஏரிக்கரை மேல போகும், அய்யனார் கோயில் முன்னால வளையும். ரெண்டு பக்கமும் கள்ளி வேலி, இல்லேன்னா பனைமரம். ஹார்ட்நாட் அளவு மேடு கிடையாது, ஆனா கடலை மூட்டையோட மிதிச்சுப் பாருங்க, தொடை பேசும். அழகுல எதுக்கும் குறைச்சல் இல்ல. நீங்க விமானம் ஏறிப் போய்ப் பாக்க ஆசைப்படுற "லேன்" இதுதான்.

அது எங்கே போச்சு? டிராக்டர் வந்ததும் மாட்டுவண்டி போச்சு, வண்டி போனதும் பாதைக்கு ஆள் இல்ல. பக்கத்து வயல்காரன் வருஷத்துக்கு ஒரு விரல் அகலம் மண்வெட்டியால வெட்டுவான். முப்பது வருஷத்துல பாதை வரப்பாகும். கொஞ்சம் இடம் சீமைக்கருவை மூடிக்கிச்சு. தைலமரம் வச்ச ஆளு கம்பிவேலியை அஞ்சடி தள்ளிப் போட்டான். மனை பிரிக்கிறவன் அதைத் தன் லே-அவுட் ரோடுன்னு காட்டி வித்துட்டான். சுரங்கக் குழிக்குள்ள போன பாதையும் உண்டு. அந்தப் பாதையை மறுபடி போடணும்னா முதல்ல தரையைத் தேடணும்.

இதுல வேடிக்கை, இங்கிலாந்து 1949ல் தொடங்கின வேலையை நம்ம நாட்டுல வெள்ளைக்காரன் காலத்து சர்வேயே பாதி முடிச்சு வச்சிருக்கு. எங்க கிராம வரைபடத்துல வண்டிப்பாதை இருக்கு. சிலது தனி சர்வே நம்பரோட புறம்போக்கா இருக்கு, சிலது பட்டா நிலத்துக்குள்ள புள்ளிக்கோடா ஓடுது. 'அ' பதிவேட்டுல பாருங்க, புலப்படத்துல பாருங்க, அரசு இணையதளத்துலயே இப்ப எடுக்கலாம். ஆக்கிரமிப்பை எடுக்கிறதுக்கும் 1905லேயே சட்டம் போட்டாச்சு. வரைபடம் இருக்கு, சட்டம் இருக்கு, சைக்கிளும் இலவசமா கொடுத்தாச்சு. பாதையைத் திறந்து விடுறதுக்கு மட்டும் ஆள் இல்ல. ஏன்னா அதைக் கேக்கிறவன் லுங்கி கட்டிக்கிட்டு மனுவோட நிக்கிறவன்.

"இந்தக் காலத்துல யாருங்க சைக்கிள்ல போறா, எல்லார்கிட்டயும் பைக் இருக்கே"ன்னு ஒரு அதிகாரி என்கிட்ட கேட்டார். அவர் கேட்டப்ப அவர் ஆபீஸ் வாசல்ல ஏழு சைக்கிள் நின்னுது, நான் எண்ணிட்டுத்தான் உள்ளே போனேன். லைசென்ஸ் வயசு வராத பிள்ளை, நூறு நாள் வேலைக்குப் போற பொம்பளை, கண் மங்கின கிழவன், குடும்பத்துல இருக்கிற ஒரே பைக்கை மூத்த மகன் எடுத்துட்டுப் போனதால வீட்டுல மாட்டிக்கிட்ட மத்தவங்க எல்லாம் சைக்கிள்தான். ரோட்டுல அவங்களைக் காணோம்னா, அவங்க இல்லேன்னு அர்த்தமா? பயந்து இறங்கிட்டாங்கன்னு அர்த்தம்.

எங்க ஆளுங்களும் ஒரு பயம் சொல்லுவாங்க. பாதையைத் திறந்தா முதல்ல வர்றது சைக்கிள் இல்ல, கிராவல் அடிக்கிற டிப்பர்தான் வரும்னு. நியாயமான பயம். அதனால தார் வேண்டாம். செம்மண் கிராவல் போட்டு இறுக்கினா போதும். ரெண்டு முனையிலயும் கேட் வச்சு, சாவி ஊராட்சியில இருக்கட்டும். அறுவடை மிஷின் போகணும்னா திறந்து விடலாம். ஓரமா ஒரு சந்து விட்டா சைக்கிளும் ஆளும் எப்பவும் போகலாம். இதுக்கு ஆகுற செலவு நெடுஞ்சாலையில ஒரு சின்னப் பாலத்துக்கு ஆகுற செலவுகூட வராது.

பட்டணத்து சைக்கிள்காரங்ககிட்ட எனக்கு இருக்கிற கோவம் இதுதான். உங்களுக்குக் குரல் இருக்கு. சென்னையில நீங்க கடற்கரை ரோட்டுக்கும் ஐடி ரோட்டுக்கும் சைக்கிள் பாதை வேணும்னு பலகை புடிச்சு நிக்கிறீங்க, பேப்பர்ல போட்டோ வருது, கமிஷனர் வந்து கூட ஒரு ரவுண்டு ஓட்டுறார். எங்க ஊர் வழியா வரும்போது மட்டும் நீங்க விருந்தாளி ஆயிடுறீங்க. ரோடு மோசம்னு முணுமுணுத்துட்டு, கோயில் முன்னால போட்டோ எடுத்துட்டு, டிக்கெட் போட்டு இங்கிலாந்து போறீங்க. அங்க நீங்க மிதிக்கிற ஒவ்வொரு பாதையும் உங்களை மாதிரி சைக்கிள்ல ஊர் சுத்தினவங்களும் மலை ஏறினவங்களும் கேட்டு வாங்கினது. அவங்க தங்களுக்குன்னு கேட்டது ஊருக்கும் ஆச்சு. நீங்க எங்க பொண்ணுக்குன்னு கேட்டா உங்களுக்கும் ஆகும். காரைவெட்டி ஏரிக்கு 2024ல் ராம்சர் அந்தஸ்து கிடைச்சுது, கங்கைகொண்ட சோழபுரம் 2004லேர்ந்து உலகப் பாரம்பரியச் சின்னம், நடுவுல வாரணவாசி. இந்த மூணையும் வண்டிப்பாதையாலயும் ஏரிக்கரையாலயும் கோத்துப் பாருங்க. எந்த நாட்டு சைக்கிள்காரனும் வருவான். எங்க பொண்ணுங்க அதே பாதையில ஸ்கூல் போவாங்க. ஆனா "சுற்றுலாப் பாதை"ன்னு பேர் வச்சு டிக்கெட் கவுண்டர் போட்டா முதல் ஆளா நானே மறிப்பேன்.

இந்தக் குளிர்காலத்துல வர்றவங்களுக்கு ஒரு வேலை சொல்றேன். கிளம்புறதுக்கு முன்னாடி நீங்க போற வழியில இருக்கிற ஒரு கிராமத்தோட வரைபடத்தை இறக்கிப் பாருங்க. வண்டிப்பாதை எதுன்னு குறிச்சுக்கிட்டு அதுல ஓட்டிப் பாருங்க. கருவை முள்ளு நிறைய இருக்கும், டியூப் ரெண்டு கூடுதலா எடுத்துக்குங்க. எந்த இடத்துல பாதை அறுந்து போகுதோ அங்க நின்னு ஒரு போட்டோ எடுத்து, சர்வே நம்பரோட மாவட்ட நிர்வாகத்துக்கு அனுப்புங்க. நான் அனுப்பினா அது ஒரு மனு. முப்பது பேர் முப்பது ஊர்லேர்ந்து அனுப்பினா ஃபைல் நகரும்.

எங்க பாதைக்கு நாங்க கொடுத்த மனுவுக்கு ஒம்பது மாசம் ஆச்சு. அளக்க வர்றதா சொன்ன தேதி ரெண்டு தடவை தள்ளிப் போச்சு. மூணாவதா தை அறுப்பு முடிஞ்சதும் வர்றேன்னு சொல்லியிருக்காங்க. சங்கிலி புடிக்க நாலு பேர் தயாரா இருக்கோம், கல்லும் வாங்கி வச்சாச்சு.